ஏழு பார்ட்டியை விரட்டிய வெள்ளையம்மாள்

ஏற்காட்டு மலையில் வாழவந்தி போகும் வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்த தேவசிகாமணியின் குடும்ப பங்களா இரண்டு வருஷமாக விற்பனைக்குக் கிடந்தது. விலையும் அதிகமில்லை, வில்லங்கமும் இல்லை. வெள்ளையம்மாள் இருந்தாள், அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷமாக அவள் பங்களாவைக் கூட்டிப் பெருக்கிக் காவல் காத்தவள். புருஷன் மாரிசாமி போய்ச் சேர்ந்த பிறகும் பின்கட்டின் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தாள். பங்களா கைமாறினால் அறையைக் காலி செய்ய வேண்டும். போக்கிடம் என்று பார்த்தால், வெள்ளக்கடை கிராமத்தில் தங்கச்சி பாவாயிக்குப் பத்து சென்ட் மேட்டுநிலம் உண்டு. அதில் கல்லும் எருக்கஞ்செடியும்தான் குடியிருந்தன. ஆகவே பங்களா விற்கக் கூடாது என்று வெள்ளையம்மாள் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தாள். தேவசிகாமணிக்கு நகல் அனுப்பவில்லை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பங்களாவைப் பார்க்க வந்தவர்களிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னாள், கேட்காமலே சொன்னாள்.

"அட்டை கடிக்குமாங்க?" என்றார் ஈரோட்டுக்காரர்.

"கடிக்காதுங்க, உறிஞ்சும். வயிறு ரொம்புனா அதுவா உழுந்துருமுங்க."

அந்த மனிதர் அடிவாரம் போய்ச் சேரும்வரை செருப்பைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாராம். வயசான தாயாரோடு வந்த திருச்செங்கோட்டுப் பார்ட்டி ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விசாரித்தது.

"சும்மா போனா பக்கமுங்க. அவசரம்னா நொம்ப தூரம்."

இப்படி ஏழு பார்ட்டி. சேலத்தில் இரும்புக்கடை வைத்திருந்த தேவசிகாமணி தலையைப் பிய்த்துக்கொண்டார். "ஏனுங்க வெள்ளையம்மா, வர்றவனெல்லாம் ஏன் ஓடறான்?"

"அவனுக பொறப்பே அப்படியோ என்னமோங்க, சின்னய்யா."

எட்டாவதாக ஆடி மாசத்தில் சேகரும் அவர் மனைவி கமலாவும் சேலத்திலிருந்து வந்தார்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். காட்டெருமை வரும் என்றதற்கு, "எத்தனை மணிக்குங்க?" என்று ஆவலாகக் கேட்டாள் கமலா. வெள்ளையம்மாள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

மழைக்காலத்தில் மூன்று மணிக்கு முன் ஜன்னலைச் சாத்தாத வீடு ஏற்காட்டில் கிடையாது. சாத்தாவிட்டால் மேகம் உள்ளே வரும். மெத்தை, துணி, தீப்பெட்டி எல்லாம் நமுத்து, மூன்று நாளைக்கு வீடே ஈரக்கோழி மாதிரி நாறும். வெள்ளையம்மாள் பதினொரு ஜன்னலையும் அகலத் திறந்தாள். "உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்று அடுப்படிக்குள் போனவள், மூன்றேகால்வரை ஒரே காப்பியை வைத்தாள்.

மேகம் வந்தது. தேவசிகாமணியின் அப்பா படம் மறைந்தது. அலமாரி மறைந்தது. சேகரே பாதி மறைந்தார். வெள்ளையம்மாள் அலறலுக்குக் காத்திருந்தாள். கமலாவின் அலறலும் வந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க! மேகம் நம்ம ஊட்டுக்குள்ளயே வந்துருச்சு!"

நம்ம ஊடாம்! வெள்ளையம்மாள் டம்ளரோடு ஓடி வந்தாள். "மெத்தையெல்லாம் பூஞ்சை புடிக்குமுங்க!"

"புடிக்கட்டும் வுடுங்கம்மா. சேலத்து வெயில்ல நாங்க கருவாடாக் கெடக்கறோம்."

அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறியது. இருபத்தாறு வருஷம் எதை வாசலோடு விரட்டி வந்தாளோ, அதற்கு ஒருத்தி விலை கொடுப்பாள் என்று வெள்ளையம்மாளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

தேவசிகாமணி அல்வாப் பொட்டலத்தோடு மேலே வந்தார். "ஜன்னலைத் தொறந்து வெச்சீங்க பாருங்க, அங்கதான் யாவாரம் முடிஞ்சுது! உங்க மூளை யாருக்கு வரும்!"

ஜென்மத்தில் யாரும் அவளை இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

"ஆவணி பொறந்ததும் அறையைக் காலி பண்ணிருங்க."

"நான் எங்கீங்க போறது?"

"அதை நான் எப்படிங்க சொல்ல? செவுரு எங்கப்பன் கட்டுனது."

"ஆமாங்க சாமி" என்றாள் வெள்ளையம்மாள். "செவுரு உங்கப்பனுதுதான்." அல்வாவை அவர் கண்ணெதிரே நாய்க்கு வைத்தாள்.

எஸ்டேட் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுவர் முதலாளியுடையது, கூரை ஒழுகினாலும் உத்திரமோ கதவோ உளுத்தாலும் குடியிருப்பவர்தான் சொந்தக் காசில் தகரமும் மரமும் போட்டுக்கொள்ள வேண்டும். போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பத்திரத்தில் ஏறாத இந்தச் சட்டத்தை மலையில் யாரும் மீறியதில்லை.

ஆவணியில் சேகர் குடும்பம் இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து பால் காய்ச்சியது. பால் பொங்கும் நேரத்தில் பின்கட்டில் தடார் தடார் என்று இடி. பாவாயி புருஷன் காளியப்பன் கூரைமேல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, என்ன அநியாயம் இது!" சேகர் ஓடி வந்தார். "பத்திரத்துல எல்லாம் சேர்த்துத்தான எழுதியிருக்குது!"

"வித்தவரைக் கேளுங்க, எம்புருஷன் போட்ட இந்தத் தகரம் யாருதுன்னு."

பால் காய்ச்ச வந்திருந்த தேவசிகாமணி மலையில் வளர்ந்தவர். தரையில் எறும்பு எண்ணினார்.

பன்னிரண்டு தகரம், நாலு உத்திரம், கதவு, நிலை எல்லாம் ஜீப்பில் ஏறின. கடைசியாக வெள்ளையம்மாள் ஏறினாள். கமலா தட்டில் நீட்டிய பாலை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வெள்ளக்கடை மேட்டில் கம்பு நட்டுத் தகரத்தை மாட்டிவிட்டார்கள். நாலு பக்கமும் காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"செவுத்துக்கு என்ன பண்ணுவ அக்கா?" என்றாள் பாவாயி.

"மண்ணைக் கொழச்சு நானே வெப்பேன் போடி" என்றாள் வெள்ளையம்மாள், எருக்கஞ்செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டே. "எவனும் எங்கப்பன் கட்டுனதுன்னு சொல்லிக்கிட்டு வரமாட்டான்."