வீடு பார்க்க வந்தவர்

எனக்குச் சொந்த வீடு இருக்கிறதா இல்லையா என்று இருபத்தெட்டு வயதுவரை நான் யோசித்ததே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. கடைசியில் கேட்டது ஒரு விண்ணப்பப் படிவம்.

கொழும்பில் ஒரு பணக்காரக் குடும்பம், காலமான தங்கள் தகப்பனின் நினைவாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர்களில் வசதியில்லாத சிலரைத் தெரிந்தெடுத்து, மூன்று வருடத்துக்கு அவர்களுடைய படிப்பையும் சாப்பாட்டையும் அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்ளும். என்னுடைய ஆராய்ச்சி எங்கள் மட்டக்களப்பு வாவியைப் பற்றியது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் சில மாதங்களில் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். அது எங்கே, எப்போது குறையும் என்று முன்கூட்டியே சொல்லுகிற கருவி ஒன்றைச் செய்ய முயன்றுகொண்டிருந்தேன். பாதி செய்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். கால்வாசி என்பதே உண்மை.

பல்கலைக்கழகத்தில் எனக்கிருந்த தற்காலிக வேலை முடிந்துவிட்டது. நான் ஆராய்ச்சிக்குப் பதிய இருந்த மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த உதவி கிடைச்சா பதிவு. இல்லாட்டி உங்கட இடத்த வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்." கிடைத்தால் ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் ஏதாவது தனியார் வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியலைத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படிவத்தில் 'உங்களுக்குச் சொந்த வீடு உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். 'வசிக்கும் வீடு யாருடையது?' என்பதற்கு 'அம்மாவுடையது' என்றேன். இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட எடுத்திருக்க மாட்டேன்.

பொய் சொல்ல நினைத்தேனா? சத்தியமாக இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. எனக்குப் பதினெட்டு முடிந்ததும் அம்மா என்னைப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போய் வீட்டை என் பேரில் எழுதிவிட்டார். என்றைக்கோ நடக்கப்போகிற கல்யாணத்துக்கு இப்போதே எடுத்துவைத்த சீதனம் அது. உறுதிப் பத்திரத்தில் என் பேர் இருந்தாலும் அதை என் வீடு என்று நான் நினைத்ததில்லை. பானையில் இருக்கிற சோறு எனக்கும் சேர்த்துத்தான் வடிக்கப்பட்டது, ஆனால் கோப்பையில் போட்ட பிறகுதானே அது என் சோறு? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கொழும்பில் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் சுற்றில் தேறியவர்களின் வீட்டு நிலைமையை நேரில் பார்க்க அறக்கட்டளை ஓர் அலுவலரை அனுப்பியது. அன்று காலை நான் அப்பாவோடு தோணியில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கைத்தொலைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அலுவலர் ஓட்டமாவடியில் தேநீருக்கு இறங்கின இடத்திலிருந்து அழைத்திருக்கிறார். எடுத்தது அம்மா. "அம்மா, நாங்க வீடு பார்க்க வாறம்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

வந்தது வினை. எங்கள் ஊரில் 'வீடு பார்க்க வாறம்' என்று மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர வேறு யாரும் சொல்லுவதில்லை. வருகிறவர் படிப்பு உதவி சம்பந்தமாக வருகிறார் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. முக்கால் மணித்தியாலத்துக்குள் பக்கத்து வீட்டிலிருந்து மெத்தை வைத்த நாற்காலிகள் வந்தன. கொடியில் கிடந்த கிழிந்த வலை மறைந்தது. பெட்டியில் பூட்டிக் கிடந்த யன்னல் சீலைகள் தொங்கின. முறுக்கும் கோழிக்கூட்டு வாழைப்பழமும் தட்டில் ஏறின.

நான் முழங்கால்வரை சேறோடு போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா அந்த இளம் அலுவலரைக் கிணற்றடியில் நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கோடைக்கும் வத்தாத கிணறு, தம்பி. நாலு பக்கமும் மதில். முன்னுக்கிருந்து பின்னுக்கு மட்டும் முழுக்க மகள்ட பேர்ல. ஒரு வில்லங்கமும் இல்ல. உறுதியப் பாருங்களன்."

அந்த மனிதர் உறுதியைப் பார்த்தார். படமும் எடுத்தார். "அம்மா!" என்று கத்தினேன். அம்மா என் சேற்றுக் காலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"போய் முகத்தக் கழுவிற்று வாகா. பிள்ளைக்குச் சமையலும் தெரியும், தம்பி. படிப்பு படிப்பு எண்டு கிடந்தாலும் கறி வைச்சா வாய் மணக்கும்."

அவர் அதையும் குறிப்பேட்டில் எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அவர் போனதும் குதித்தேன். "நம்மட இல்லாமையைப் பார்க்க வந்தவருக்கு நீங்க இருக்கிறதெல்லாம் காட்டி அனுப்பியிருக்கீங்களே! தலையில மண்ணை அள்ளிப் போட்டிற்றீங்க!"

"இல்லாமைய ஆராவது ஊரான் ஒருத்தனுக்குக் காட்டுவாங்களா?" அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "வீடு பார்க்க வாறம் எண்டாங்க. வீட்டக் காட்டினன். மறுகா என்னத்தக் காட்டச் சொல்லுறாய்?"

நான் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.

பத்து நாளில் கணினித் திரையில் நேர்முகம் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். தமிழ் பேசிய ஓர் அம்மணிதான் கேள்விகளைத் தொடங்கினார். வாவியைப் பற்றியும் கருவியைப் பற்றியும் கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னேன். பிறகு வீட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்கள் இருக்கிற வீடு உங்களுடையதா?"

"ஓம்… இல்ல மேடம். அது சீதன வீடு."

"அப்படியென்றால் நீங்கள் திருமணமானவரா? படிவத்தில் இல்லை என்றிருக்கிறதே."

"இன்னும் ஆகல்ல."

"பிறகு சீதனத்தை யாருக்குக் கொடுத்தார்கள்?"

"எனக்குத்தான்."

"அப்ப வீடு உங்களுடையது."

"இல்ல, மேடம்."

நடுவில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏதோ கேட்க, அம்மணி அதைத் தமிழில் சொன்னார்: "உங்களுடைய பெற்றோர் உங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறார்களா என்று கேட்கிறார்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு உயிர்களை என் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றுகிற வீட்டுக்காரியாக என்னை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சிரித்திருக்கக் கூடாது. அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த அம்மணியே தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனுஷி, குரலில் ஒரு கடுமையும் இல்லை. "உங்கள் ஆராய்ச்சி எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அசையாச் சொத்து உள்ளவர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. வீடு அம்மாவுடையது என்கிறீர்கள் நீங்கள். உங்களுடையது என்கிறது உறுதி. நீங்கள் சொல்வது சரியென்றால் உறுதியையும் அப்படி ஆக்கித் தாருங்கள். இந்த மாத முடிவுவரை பொறுக்கிறோம்."

சொன்னதில் பிழையே இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. வீட்டை அம்மா பேருக்கு மாற்றினால் நான் உண்மை சொன்னவளா, அல்லது சொன்ன பொய்க்கு முத்திரை குத்தியவளா?

அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா கறிச் சட்டியை மூடிவிட்டு எழுந்தார்.

"குடுத்த சீதனத்தத் திருப்பி வாங்கினவள் எண்டு ஊர் காறித் துப்பும். கரடியனாத்துல பேசிக்கொண்டிருக்கிற சம்பந்தம் சரிவந்தா என்ன சொல்லுறது? பிள்ளைக்கு நிக்க நிழல் இல்லையெண்டா?"

அப்பா மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "எனக்கு எந்தக் காலத்திலகா வீடு இருந்த? பிறந்தது அம்மாட வீட்ட. கட்டினாப்போல பொஞ்சாதிட வீட்ட. இப்ப மகள்ட வீட்டுல கிடக்கன். அந்தக் கொழும்பாக்களுட்டச் சொல்லு, காச எனக்குத் தரட்டும். நான் போய்ப் படிக்கன்."

அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்பா சொன்னது அத்தனையும் மெய். எனக்கு ஓர் அண்ணன் இருந்து, மனைவியின் மாடி வீட்டில் இருந்துகொண்டு 'சொந்த வீடு இல்லை' என்று எழுதியிருந்தால், ஒரு கேள்வியும் இல்லாமல் அவனுக்குக் கொடுத்திருப்பார்கள். ஓலைக் குடிசையாக இருந்தாலும் இங்கே பெண்ணுக்கு ஒரு வீடு எழுதிவிடுவார்கள். அதனால் நான் சொத்துக்காரி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

இரண்டு நாள் அம்மா உறுதியை எடுத்து விரித்துப் பார்ப்பதும் திரும்பப் பெட்டியில் வைப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் கோயிலுக்கு உடுக்கிற சேலையோடு வந்து நின்றார். "வா, நொத்தாரிசுட்டப் போவம். படிப்ப விட்டுப்போட்டு இந்தச் சுவரக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கவா போறாய்?"

நொத்தாரிசு என்னைப் பார்த்து, "மனம் விரும்பித்தானே குடுக்கிறீங்க?" என்றார். ஓம் என்றேன். சாட்சிக்காரர் இருவருக்கும் முன்னால் கையெழுத்து வைத்தேன். அம்மாவிடம் கேட்டபோது, "எனக்கு என்னத்துக்கு? பிள்ளைட படிப்புக்காகத்தான்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் உறுதி இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவை நோகடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உதவி கிடைத்தது. மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். குளிரில் போர்வைக்குள் கிடந்து வாவித் தண்ணீரைப் பற்றிக் கணக்குப் போட்டேன். கருவி மூன்று தடவை பழுதாகி, நான்காம் தடவை வேலை செய்தது. அம்மா தொலைபேசியில் சாப்பிட்டாயா, சளி தடிமன் மாறிற்றா என்று மட்டும் கேட்பார்.

பத்து மாதம் கழித்து, சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கி, வேறு வீட்டு வாசலில் இறங்கிவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்தேன். வீட்டின் முன்சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் பெரிய திறப்பு, மேலே தகரச் சாய்ப்பு, கீழே ஒரு நீளமான மேசை. மண்டபம் முழுக்க ஆவி. இடியப்பத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. வெளியில் ஏழெட்டுப் பேர் காத்து நின்றார்கள். உள்ளே அம்மா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, யாரிடமோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"ஆ, வந்திற்றாய்! எப்பிடி இருக்கு?" என்றார். "எத்தின வருசமா மனசுக்குள்ள கிடந்த ஆசை. உன்ட வீடு, வாற மாப்பிள்ளை என்ன சொல்லுவானோ எண்டு ஒரு ஆணி அடிக்கவும் பயந்துகொண்டு இருந்தன். இப்பதான் மூச்சு வந்திருக்கு."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சுவரை இடித்துவிட்டார்களே என்றுதான் முதலில் தோன்றியது. என் சுவர்! திரையில் மூன்று பேருக்கும் நொத்தாரிசுக்கும் முன்னால், அது என்னுடையதல்ல என்று நின்றவள் நான்.

ஆட்கள் கலையும்வரை பொறுத்திருந்து சொன்னேன்: "இடிக்க முந்தி என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமேம்மா."

அம்மா அடுத்த தட்டுக்கு மாவைப் பிழிந்துகொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை, கோபமும் இல்லை. விளங்காமல்தான் கேட்டார்.

"உன்னட்ட ஏன் மனே கேட்கணும்?"

பதில் வரும் என்று இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது.