மூன்று தனலட்சுமிகள்

1. ஒரே ஆளுக்கு மூன்று கடிதம்

பரீட்சைக்கு முந்தின நாள் காலை பத்தரை மணி. அல்சூர் கேம்பஸ் ஆபீஸில் ஹால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒரு பெண் என் மேசைமேல் மூன்று கடிதங்களைப் பரப்பி வைத்தாள்.

"மேடம், ஒரே ஆளை எதுக்கு மூணு தடவ திட்டறீங்க?"

மூன்றும் எங்கள் காலேஜ் கடிதங்கள்தான். மூன்று கேம்பஸிலிருந்தும் ஒவ்வொன்று. 'அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், ஹால் டிக்கெட் இல்லை' என்று மூன்றிலும் ஒரே பல்லவி. பெயர்கள் மட்டும் எம். தனலட்சுமி, கே. தனலட்சுமி, வி. தனலட்சுமி.

அந்த மூன்று பெயர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். லிஸ்ட்டில் சிவப்புப் பென்சிலால் அடித்ததே நான்தான். "தனலட்சுமின்னு பேர் வச்சாலே கிளாஸுக்கு மட்டம் போடுவாங்க போல" என்று பக்கத்து டேபிளிடம் கிண்டல் வேறு செய்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இதுல நீ எந்த தனலட்சுமி?" என்றேன்.

"மூணும் நான்தான் மேடம்."

2. எங்கள் காலேஜ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களுடையது சமுதாயக் கல்லூரி. டிகிரி கிடையாது, ஆறு மாத சர்டிஃபிகேட் கோர்ஸ்கள்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளைப் போல ஆர்வமான கூட்டத்தை எந்தப் பெரிய காலேஜிலும் பார்க்க முடியாது. அதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அல்சூரில் ஹெட் ஆபீஸ். காலை ஒன்பது மணி வகுப்பு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு வீட்டை முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகும்முன் வந்து உட்காருவார்கள். பீன்யாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மதியம் இரண்டரை வகுப்பு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் சட்டையில் கூலன்ட் ஆயில் வாசனை அப்படியே இருக்கும். ஈஜிபுராவில் மாவு மில்லுக்கு மேல் மாடி. இரவு ஏழு மணி வகுப்பு. மில் ஓடினால் வாத்தியார் கத்த வேண்டும், நின்றால் வகுப்பே கைதட்டும்.

மூன்று இடத்திலும் ஒரே சிலபஸ், ஒரே நாளில் ஒரே பாடம். நோட்டீஸிலும் அப்படித்தான் போட்டிருந்தோம்: 'உங்களுக்கு வசதியான நேரத்தில், வசதியான கேம்பஸில்.' அந்த வரியை எழுதியவள் அடியேன். அதை ஒருத்தி அப்படியே நம்பிவிடுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

3. இனிஷியல் வந்த கதை

தனலட்சுமி பீன்யாவில் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மெஷினில் நின்றாள். எங்களிடம் சேர்ந்தது பாகங்களை அளந்து சரிபார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் கோர்ஸில். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் பீன்யா வகுப்பு, செகண்ட் ஷிஃப்ட் வாரம் அல்சூர் வகுப்பு, ஜெனரல் ஷிஃப்ட் வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் ஈஜிபுரா வகுப்பு. ஒவ்வொரு இடத்திலும் பெயர் பதிந்துகொண்டாள்.

"சரி, மூணு இனிஷியல் எப்படிம்மா வந்துச்சு?"

"பீன்யால சேரும்போது அப்பா பேரு மேடம், முனுசாமி. அடுத்த வாரம் கல்யாணம் ஆயிடுச்சு. இங்க சேரும்போது வீட்டுக்காரர் பேரு, குமார். ஈஜிபுராவுல அந்தக் கன்னடக்கார மேடம் 'நிம்ம ஊரு யாவுது?'ன்னு கேட்டாங்க. வாணியம்பாடின்னேன். வி போட்டுட்டாங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கன்னடக்காரர்களில் பலருக்கு இனிஷியலில் ஊர்ப் பெயர் வரும். ஈஜிபுரா கிளார்க் தன் வழக்கப்படி எழுதிவிட்டாள். அப்பா, புருஷன், ஊர் மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணை மூன்றாக்கிவிட்டன.

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு எழுதி பாஸ் பண்ணா இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல உக்கார வெக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காரு மேடம். இல்லன்னா அந்த எடத்துக்கு வெளிய இருந்து ஆள் எடுத்துடுவாங்க. நாலு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட், பன்னெண்டு மணிக்கெல்லாம் பஸ் ஏறணும்."

மணி பத்தே முக்கால். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ஹால் டிக்கெட் வேலையைப் பக்கத்து டேபிளில் தள்ளிவிட்டு போனை எடுத்தேன்.

4. மூன்று கலர் பென்சில்

பீன்யாவிலும் ஈஜிபுராவிலும் ரிஜிஸ்டரைத் திறக்கச் சொல்லி, அவள் வந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். ஒரு பெரிய காலண்டர் தாளில் பீன்யாவுக்குப் பச்சை, ஈஜிபுராவுக்கு நீலம், அல்சூருக்குச் சிவப்பு என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். கட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. வரிசையில் நின்றவர்களும் மேசையைச் சுற்றிக்கொண்டு, "இதோ இந்த வாரம் ஃபுல்லு மேடம்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். ஆபீஸே கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற இடமாகிவிட்டது.

ஆறு மாதத்தில் காலியான கட்டம் இரண்டே இரண்டு.

"இந்த ரெண்டு நாள் எங்க போன?"

"என் கல்யாணம்னு சொன்னேனே மேடம்."

தாளோடு பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். அதில் சிவப்பும் பச்சையும் இருந்தன.

"ஏனம்மா இது? காலையில அல்சூரு, மத்யானம் பீன்யா. ஒரே நாள்ல ரெண்டு கடே ப்ரெசென்ட்டா? யாரோ ப்ராக்ஸி கொடுத்திருக்காங்க. இது ஆகாது."

தனலட்சுமி வாசலிலிருந்தே பதில் சொன்னாள்.

"இல்ல சார். அன்னிக்கு ஃபேக்டரியில கரன்ட் இல்லன்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அங்கயே ரெண்டரை கிளாஸ்ல போய் உக்காந்துட்டேன். மைக்ரோமீட்டர் ரீடிங் பாடம். காலையில இங்க புரியல சார், அங்க ரெண்டாவது தடவதான் புரிஞ்சுது."

பிரின்சிபால் அவளையே பார்த்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு மைக்ரோமீட்டரை எடுத்து, பேனாவின் தடிமனை அளக்க அதில் பிடித்து நீட்டினார். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, ஒரு நொடியில் ரீடிங் சொன்னாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"கரெக்ட். ஆயித்து, ஹால் டிக்கெட் குடும்மா."

வெளியே கைதட்டல் கேட்டது. எல்லாரும் கதவில் காதை வைத்திருந்தார்கள்.

டைப்ரைட்டரில் தாளைச் செருகிவிட்டுக் கேட்டேன்: "இப்ப எந்த இனிஷியல் போடட்டும்? அப்பாவா, புருஷனா, ஊரா?"

"கிளாஸுக்கு அவங்களா வந்தாங்க? என் பேரை மட்டும் போடுங்க மேடம்."

அப்படியே அடித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

5. அதற்குப் பிறகு

அடுத்த டெர்மிலிருந்து மூன்று கேம்பஸுக்கும் சேர்த்து ஒரு மாணவருக்கு ஒரே நம்பர் கொடுத்தோம். நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு பெயருக்கு நேராக ஆப்சென்ட் நிறைய இருந்தால் சிவப்புப் பென்சிலை எடுக்க மாட்டேன். ஆளைக் கூப்பிட்டு, "அந்த நேரத்துல நீ எங்க இருந்த?" என்று கேட்பேன். சில பேர் சினிமா தியேட்டரில்தான் இருந்தார்கள், அது வேறு விஷயம். ஆனால் கேட்காமல் யார் பெயரையும் அடித்ததில்லை.

ரிசல்ட் வந்து சில வாரம் கழித்து ஆபீஸுக்கு ஒரு போன்.

"மேடம், தனலட்சுமி பேசறேன்."

"எந்த தனலட்சுமி?" என்றேன், வேண்டுமென்றே.

"மூணும்தான் மேடம்," என்று சிரித்தாள். "உக்காந்துக்கிட்டுப் பேசறேன்."