கறிவேப்பிலைத் தொட்டியில் காணாமல் போன துண்டு

காஸ் சிலிண்டரை நானே மாடிக்குத் தூக்குகிறேன் என்று வீரம் காட்டியதில் அடிவயிற்றில் ஹெர்னியா புடைத்தது. காவிரிக்கு அக்கரையில், புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தளர்ந்த சதைக்கு முட்டுக்கொடுக்க உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்தார்கள். என்ன வலை என்று டாக்டர் முன்பே விளக்கினாராம். பயத்தில் தலையாட்டியது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

ஸ்ரீரங்கம் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, டாக்டர்கிட்ட கேட்டேன். உங்களுக்கு வெச்சது நாங்க லேப்ல பண்ற வகைதான். பாக்டீரியா செஞ்ச பிளாஸ்டிக்!"

கஞ்சி மூக்கில் ஏறியது.

"சர்க்கரை நிறையக் குடுத்தா, மிச்சத்தை அதுங்க உடம்புக்குள்ள பிளாஸ்டிக்கா சேத்து வெச்சுக்கும்ப்பா. நமக்குத் தொப்பை மாதிரி. அதை எடுத்து, சுத்தம் பண்ணி, நூலாக்கிப் பின்னுவாங்க. போகப்போகத் தானா கரைஞ்சிடும்."

ஆக, பாக்டீரியாவின் தொப்பையை எடுத்து என் தொப்பைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கரைந்துவிட்டால் என் குடலை யார் பிடித்துக்கொள்வது? வெந்நீர்க் குளியலை நிறுத்தினேன். ரசத்தை ஆறவைத்துக் குடித்தேன்.

"நீங்க என்ன ஐஸ்கிரீமா?" என்றாள் மனைவி.

சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தேன். மகளின் லேபில் செய்த அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய தாளில் ஒரு துண்டை வாங்கி, மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன். அது இருக்கும்வரை என் வலையும் இருக்கும் என்பது என் விஞ்ஞானம். சில வாரம் கழித்துக் கிளறினால் துண்டைக் காணோம்! மண்ணையெல்லாம் தரையில் கொட்டிச் சலித்தேன். ஒரு மண்புழு மட்டும் என்னை எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது.

இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி ஆட்டோவில் ஏறினேன். காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதித்தது. ஒவ்வொரு குதிப்பிலும் குடலுக்கு விடைகொடுத்தேன்.

"என்ன சார், வயித்து வலியா?"

"வயிறே கையிலதாங்க இருக்கு. மெதுவா போங்க."

டாக்டரம்மா தையல் போட்ட இடத்தில் கைவைத்து, "இருமுங்க" என்றார். பூனை மாதிரி இருமினேன். "நல்லா இருமுங்க சார்." இருமினேன். எதுவும் கழன்று விழவில்லை.

தொட்டிக் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"செடிக்கு என்ன ஊத்துவீங்க?"

"புளிச்ச மோரு. அரிசி களைஞ்ச தண்ணி."

"அந்த மண்ணு முழுக்கக் கிருமிதான் இருக்கும். அதுங்களுக்கு உங்க துண்டு கல்யாணச் சாப்பாடு. வயித்துக்குள்ள மண்ணு இருக்கா? மோர் ஊத்துறீங்களா? அங்க ரொம்ப மெதுவாத்தான் கரையும். அதுக்குள்ள பந்தல்ல கொடி ஏறுற மாதிரி உங்க சதையே அதுல படர்ந்து கெட்டியாயிடும். அப்புறம் பந்தல் எதுக்கு?"

"அப்போ சிலிண்டர்..."

"அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

திரும்பும்போது பாலத்தில் ஒரு கையை எடுத்துவிட்டேன். இன்னொன்றை, பாலம் இறங்கி மாம்பழச்சாலை வந்த பிறகுதான் எடுத்தேன்.