தேனுகாவின் ஜீப்புக்கு ஊற்றிய ஒயில்

சல்லிக் கரையில் மீன்பிடிப் போட்டுகளை மணலுக்கு மேலே இழுத்து ஏற்றுவது தேனுகாவின் தொழில். அவளுடைய கணவன் கஜீபன் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய ஜப்பான் ஜீப்தான் அவளிடம் இருந்தது. விற்றுவிடு என்று சொல்லித்தான் அவன் போனான். அவள் விற்கவில்லை. ஓட்டப் பழகினாள், பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கொழுவினாள், நான்கு சில்லும் புதையாமல் மணலில் எப்படிப் போவது என்று விழுந்தெழும்பிக் கற்றுக்கொண்டாள். முன்பெல்லாம் வாடைக்காற்று தொடங்குமுன் ஊர் திரண்டு தோள் கொடுத்துத்தான் போட்டுகள் கரையேறும். இப்போது தேனுகாவுக்கு ஒரு போன் எடுத்தால் போதும்.

ட்ரெய்லரைப் போட்டுக்கு அடியில் விட வேண்டுமென்றால் ஜீப்பின் பின்சில்லுகள் கடலுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்கி இறங்கி, பின் அச்சுக்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது. அடியில் உள்ள நட்டைக் கழற்றியபோது கறுப்பாக வரவேண்டிய ஒயில் பால்தேத்தண்ணீர் நிறத்தில் வடிந்தது. அன்றைக்கே பஸ் ஏறித் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய், இஹ்ஸான் நானாவின் உதிரிப்பாகக் கடையில் கேட்டாள்.

"நானா, ஜீப்பின்ட பின் அச்சுக்கு ஒயில் வேணும். எது சரியெண்டு பாத்துத் தாங்கோ."

"தொண்ணூறு நம்பர் தாறன் தங்கச்சி. லொறி, ட்ரக்டர், ஜீப், எல்லாத்துக்கும் இதான் போகுது."

கொண்டுவந்து ஊற்றினாள். நேராக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் கோவில் முடக்கில் திருப்பியபோது பின்பக்கம் நறநறவென்று முனகி, ஜீப் முழுவதும் ஒரு தரம் உதறியது. மறுநாளும் அப்படித்தான். சில்லை எவ்வளவுக்கு ஒடித்துத் திருப்பினாளோ அவ்வளவுக்குச் சத்தம் கூடியது.

உப்புவெளியில் கராஜ் வைத்திருக்கும் வினோதனிடம் கொண்டுபோனாள். அவன் கெட்டிக்காரன்தான், என்ஜின் வேலைக்கு நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் அவனைத் தேடி வருவார்கள். ஜீப்பை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "பேரிங் போயிட்டுது அக்கா" என்றான்.

"ஒயில் மாத்தின பிறகுதான் தம்பி இந்தச் சத்தம். அதுக்கு முதல் இல்லை."

"ஒயிலால இப்பிடிச் சத்தம் வராது. உப்புத்தண்ணி பட்டது தானே, பேரிங்தான்."

சில்லுப் பேரிங்கை மாற்றினான். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்றான். டயர்களை இடம் மாற்றிப் போட்டார்கள். சத்தம் போகவில்லை. கட்டாரிலிருந்து கஜீபன் போனில் சொன்னான்: "நீ ஸ்டேரிங்க வெட்டித் திருப்புறாய். அதுதான். மெல்லமாத் திருப்பிப் பார்."

"ஒயில் மாத்தின நாளில இருந்துதான் இப்பிடி எண்டு சொல்லுறன். காதில விழேல்லையா உங்களுக்கு?"

"ஒயில் ஒயில்தானே தேனு. அதில என்ன இருக்கு."

அவள் இன்னும் தடிப்பான ஒயில் ஒன்றை இஹ்ஸானிடம் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். முனகல் இன்னும் மோசமானது. கரையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு ஆலோசனை இருந்தது. ஒருவர் கிறீஸ் அடிக்கச் சொன்னார், இன்னொருவர் ஜீப்பையே மாற்றச் சொன்னார். அவள் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை. இரவில் படுத்தால்கூட அந்த நறநறப்பு அவளுக்குப் பல்லுக்குள் கேட்டது.

கடல் குமுறத் தொடங்கிய வாரத்தில் தங்கத்துரையின் போட்டை ஏற்றினாள். அறுபது வயதைத் தாண்டிய தங்கத்துரைக்கு அந்தப் போட்டைத் தவிர வேறு சீவியம் இல்லை. மணலேறி, பாறைப் பக்கத்தால் முடக்கில் திருப்பும்போது ஜீப் உதறிய உதறலில் ட்ரெய்லர் ஆடி, கட்டு இளகி, போட் சரிந்து பாறையில் உரசியது. அடிப்பக்கம் ஒரு கை நீளத்துக்குப் பிளந்துவிட்டது.

தங்கத்துரை சத்தம் போடவில்லை. பிளந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஜீப் ஓடத் தெரியாட்டி ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார்.

அந்தச் சொல் தேனுகாவைச் சுட்டது. அப்படியே ஜீப்பை உப்புவெளிக்கு ஓட்டிப்போய், வினோதனின் கராஜ் வாசலில் நிறுத்தித் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பின் அச்சக் கழட்டு. உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு நான் பாக்கவேணும். கழட்டாமல் நான் இஞ்சயிருந்து போகமாட்டன்."

வினோதன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுத்தான். பல்சில்லுகளை வெளியே எடுத்து வைத்தபோது, அவற்றின் பக்கத்தில் மெல்லிய இரும்புத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. சில தட்டுகள் நீலம் பாரித்துக் கருகியிருந்தன.

"இது என்ன தட்டு?"

வினோதன் ஒரு தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எல்எஸ்டி அக்கா. ஒரு சில்லு மணலில சும்மா சுத்தினா, இந்தத் தட்டுகள் இறுக்கிப் பிடிச்சு மற்றச் சில்லுக்கும் இழுவையைக் குடுக்கும். இந்த ஜீப்பில இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை."

"இதுக்கு வேற ஒயிலா?"

அவன் தட்டை மேசையில் வைத்தான். "ஓம். தட்டு வழுக்கித் திரும்பிறதுக்கு மருந்து சேர்த்த ஒயில் வேணும். சாதாரண ஒயில் விட்டால் திரும்பேக்க தட்டு ஒட்டிப் பிடிச்சு உதறும்."

"முதல் நாளே சொன்னனான் வினோதன். ஒயில் மாத்தின பிறகுதான் எண்டு."

"சொன்னனீங்கள்தான்" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஒயில் திருகோணமலையில் எங்கும் கிடைக்கவில்லை. இஹ்ஸான் தலையைச் சொறிந்தார். "இப்பிடியொண்டு இரிக்கிறது எனக்குத் தெரியாமப் போயிட்டு தங்கச்சி. கொழும்புக்குச் சொல்லி எடுத்துத் தாறன்." எடுத்தும் கொடுத்தார். ஆனால் கேனைத் திருப்பிப் பார்த்தால் அதே தொண்ணூறு நம்பர். எல்எஸ்டி என்ற எழுத்து எங்கும் இல்லை. நம்பர் சரிதானே என்று கொழும்புக் கடைக்காரர் போனில் வாதாடினார். தேனுகா இஹ்ஸானின் கையிலிருந்து போனை வாங்கி, "நம்பர் எனக்குத் தெரியும் ஐயா. அந்த மூண்டு எழுத்து இருந்தா அனுப்புங்கோ, இல்லாட்டி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கிடையில் கரையேற வேண்டிய போட்டுகளை, இறக்கக்கண்டி என்ற ஊரிலிருந்து வந்த ட்ரக்டர் ஒன்று இழுத்துவிட்டுப் போனது. அவள் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

சரியான கேன் கடைசியில் கொழும்பு பஸ்ஸில் வந்தது. பஸ் நிலையத்திலேயே வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். வினோதன் கருகிய தட்டுகளில் மிக மோசமானவற்றை மட்டும், ஒரு பழைய அச்சிலிருந்து எடுத்தவற்றால் மாற்றியிருந்தான். புதுத் தட்டு எங்கும் இல்லை. ஒயிலை விட்டபின், வெட்டவெளியில் ஜீப்பால் எட்டுப் போடச் சொன்னான். அப்போதுதான் ஒயில் தட்டுகளுக்கு இடையில் ஏறுமாம்.

கோவிலுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியில் தேனுகா மெல்ல மெல்ல எட்டுப் போட்டாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதல் சில சுற்றுகளில் முனகியது, பிறகு குறைந்தது. உதறல் நின்றுவிட்டது. ஆனால் முழுக்க ஒடித்துத் திருப்பும்போது அடியில் எங்கோ ஒரு சின்னக் கரகரப்பு மிச்சம் இருந்தது.

"தேஞ்சது தேஞ்சதுதான் அக்கா" என்றான் வினோதன். "சரியான ஒயிலை முதலே விட்டிருந்தால்..." அவள் பார்த்த பார்வையில் அவன் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கினான்.

அவள் தங்கத்துரையின் வளவுக்குப் போனாள். அவர் போட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பிளவுக்குப் பைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் ஓடினதில பிழையில்லை. அச்சுக்குள்ள பிழையான ஒயில் இருந்தது. ஆனா உதறுதெண்டு தெரிஞ்சுகொண்டும் உங்கட போட்டை ஏத்தினது என்ர பிழைதான்."

தங்கத்துரை நிமிர்ந்து பார்த்தார். "உரச ஒரு ஆள் வேணும். கடதாசி அந்தா கிடக்கு" என்றார்.

அவள் உரசுதாளை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். பின்னேரம் வரை இருவரும் உரசினார்கள். நடுவில் கஜீபன் போன் எடுத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே நினைச்சனான் தேனு, ஒயிலில ஏதோ பிழையெண்டு" என்றான்.

"உரசிக்கொண்டிருக்கிறன். பிறகு எடுங்கோ" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.