அக்கா சொன்னால் வேலை

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்குப் பேர் செக்கிங் அக்கா. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பிசிறும் கோணலும் பார்ப்பது வேலை. சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு: ஆள் சேர்த்துவிடுவது. "அக்கா ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பது அவள் தெருவின் பேச்சு. மேனேஜரும் அதைத் தட்டமாட்டார். தங்கை மகள், எதிர்வீட்டுக்காரி, அயர்ன் பகுதிப் பொறுப்பாளனான கொழுந்தன், எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான்.

அந்த ஒட்டுறவு சும்மா வந்ததில்லை. அவள் புருஷன் செத்த பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதும் அந்தத் தெரு.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மட்டும் யாரும் வேலைக்கு வந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, எடுத்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். அவசர ஆர்டர் சமயத்தில் ஒருத்தி மட்டும் நுழைந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தனியே உட்கார்ந்ததால் அவளுக்கு 'ஒத்தை' என்று பேர் விழுந்தது. அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஒரு மதியம் அயர்ன் பகுதியில் ஒயர் கருகிப் புகை மண்டியது. பெண்கள் அலறிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒத்தை பின்கதவுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. சன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தாள். முழங்கை வரை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் கேண்டீனில் நிறுத்தினார்.

"பின்கதவைப் பூட்டுனது யாரு?"

கொழுந்தன் முந்திக்கொண்டான். "அந்தப் பொண்ணுதான் சார். போன் பேச அங்கதான் போய் நிக்கும். சாவி ஆணியில தொங்குது, யாரு வேணா எடுக்கலாம்."

கட்டுப்போட்ட கையோடு நின்ற ஒத்தை, "நான் பூட்டியிருந்தா அந்தக் கதவுக்கே ஏன் ஓடப் போறேன் சார்? கையை ஏன் கிழிச்சுக்கப் போறேன்?" என்றாள்.

"இல்ல சார், அவ பூட்டுனதை நானும் பாத்தேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தங்கை மகள் தலையாட்டினாள். ஒரே தெரு, ஒரே வாய்.

செக்கிங் அக்காவுக்கு உண்மை தெரியும். முந்தின நாள் காலையில் கொழுந்தன் அந்தக் கதவோரம் அட்டைப்பெட்டிகளை அடுக்கியதையும், அவை களவு போகாதபடி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியதையும் அவள் பார்த்திருந்தாள். இப்போது அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. அண்ணி காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற முழு நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா இதோட முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர்.

அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"பூட்டுனது என் கொழுந்தன் சார்."

"அண்ணி!"

"சும்மா இரு. அந்தப் பொண்ணு உள்ளயே மாட்டியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கொழுந்தனுக்கு அன்றே வேலை போயிற்று. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போன அக்காவை அவன் பெண்டாட்டி வாசலிலேயே மறித்தாள். "உங்க வாயால வந்த சோறு, உங்க வாயாலயே போச்சு. இனி இந்தப் படியை மிதிக்காதீங்க."

தெருக்காரர்களே அவனுக்கு ஒரு கிடங்கில் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். அக்கா காய்ச்சலில் விழுந்தபோது மட்டும் எட்டிப் பார்க்க நாதியில்லை.

ஒத்தையும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளவில்லை. கை ஆறிய பிறகுதான் ஒருநாள் செக்கிங் மேசையருகே வந்து நின்றாள்.

"எங்க பக்கம் ரெண்டு பேரு நல்லாத் தைப்பாங்க. மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"என் தெருவுலயே நான் செல்லாக்காசு. என் பேச்சை யாரு கேப்பா?"

"என் பேச்சுக்கு அந்தச் செல்லாக்காசு மதிப்புகூட இல்லையேக்கா."

அக்கா மேனேஜரிடம் போனாள். அவர் இழுத்தார். "அந்தப் பக்கமா? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு சார். தைக்க வச்சுப் பாருங்க."

ஒருத்தியை எடுத்துக்கொண்டார், மற்றவளைப் பிறகு பார்க்கலாம் என்றார். புதியவள் முதல்நாள் வந்தபோது, காலியாக இருந்த நாற்காலியில் எதிர்வீட்டுக்காரி தன் பையைத் தூக்கி வைத்தாள். வரிசை முழுக்கத் தலை நிமிராமல் தைத்தது. செக்கிங் அக்கா எழுந்துபோய்ப் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"உக்காரும்மா" என்றாள்.

எதிர்வீட்டுக்காரி முறைத்தாள். பையைத் திரும்ப எடுத்து வைக்கவில்லை.