வெள்ளையடித்த பழைய சுவர்

அறுபதுகளில் செஞ்சியில் வீட்டைப் பிரித்துக் கட்டிய எல்லோருக்கும் ஒரு சூட்சுமம் தெரியும். பழைய சுவரில் ஒன்றை இடிக்காமல் விட்டால் அது வெறும் ரிப்பேர்; பழைய வரியே போதும். நாலு சுவரும் புதிது என்றால் புது வீடு. அனுமதி வாங்கவில்லை என்று அபராதமும் போட்டு, வரியையும் ஏற்றிவிடுவார்கள். எங்கள் நைனா மேற்குப் பக்கத்து மண்சுவரை அப்படித்தான் விட்டுவைத்தார். கையில் மிஞ்சிய பணத்தில் அம்மாவுக்குப் புகைபோக்கி வைத்த சமையல்கட்டு எழுப்புவதாகப் பேச்சு. விறகுப் புகையில் அவளுக்கு இழுப்பு வந்தால் பேசக்கூட முடியாது.

எதிர்வீட்டு மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலையில் நல்ல காசு பார்த்தவர், அஸ்திவாரத்திலிருந்தே புதிதாகக் கட்டினார். ஆனால் ஒரு சுவரில் மட்டும் சாணியைக் கரைத்து ஊற்றி, வறட்டியும் தட்டிவைத்தார். கெட்டிக்காரர்!

பொங்கல் கழிந்ததும் வரி போடுகிறவர் வந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு உண்டா? அம்மா அந்த மண்சுவருக்கும் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவிப் பட்டை இழுத்திருந்தாள். எதிர்வீட்டு வறட்டியைப் பார்த்து, "பழசுதான்" என்று எழுதிய மனிதர், எங்களிடம் வந்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா, நாலு சுவரும் புதுசா இருக்குது?"

"எங்கப்பா காலத்து மண்சுவரு சார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம், அவ்ளோதான்."

"எல்லாரும் இதையேதான்யா சொல்றீங்க."

வியாபாரி தன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைனாவுக்கோ ரோஷம் தாங்கவில்லை. கடப்பாரையை எடுத்து வந்தார். "உள்ள ஒரு செங்கல்லு இருந்தா என்னைச் செருப்பால அடிங்க சார்!" என்று சுவரில் ஓங்கிக் குத்தினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐப்பசி மழையில் ஊறிய சுவர்; அடுத்த குத்துக்கு மொத்தமாகச் சரிந்து விழுந்தது.

வரி போடுகிறவர் சட்டையில் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

"மண்சுவருதான், ஒத்துக்குறேன். ஆனா இப்ப அது இல்லியே. இனிமே நீ கட்டுறது புதுசுதானே?"

அப்படியே எழுதியும் வைத்துவிட்டுப் போனார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. சமையல்கட்டுப் பணம் அபராதத்துக்குப் போயிற்று. அம்மா பழைய அடுப்பையே ஊதிக்கொண்டு கிடந்தாள். இழுப்பு கொஞ்சம் அடங்கும் நேரத்தில், "நான் வெள்ளையடிச்சிருக்கக் கூடாது, என் தப்புதான்" என்பாள். அவள் தப்பாம்!