மஞ்சள் பீப்பாயில் கரைந்த மாத்திரை

கொரோனாவுக்காக எங்கள் லயத்தை மூடிய நாட்களில் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. மாத்தளை டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். நாலைந்து பேருக்குத் தொற்று என்றதும் சுகாதாரப் பரிசோதகர் வந்து பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போனார். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகக்கூடாது, வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வரக்கூடாது. என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை செய்த கடையிலேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் மகளும் மட்டும். மகளுக்கு வலிப்பு வரும். காலையும் இரவும் மாத்திரை போட்டால் வராது. ஒரு வேளை தவறினால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்ப்பதும், வைப்பதும், மறுபடி எடுப்பதுமாகவே என் பொழுது போனது.

சாப்பாட்டுக்குக் குறை இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தம்புள்ளையிலிருந்து டவுன் கடைகளுக்கு மரக்கறி ஏற்றும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய லொறிக்கு ஊரடங்கிலும் ஓடப் பாஸ் கொடுத்திருந்தார்கள். மிஞ்சிய போஞ்சி, கோவா, வட்டக்காய் எல்லாவற்றையும் எங்கள் கயிற்றடியில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

அந்தக் கயிற்றடியில் ஒரு நீலப் பீப்பாய் நின்றது. அதற்கு அதிகாரி என் பக்கத்து வீட்டு அக்கா. நாடெங்கும் மஞ்சளுக்குத் தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. அக்காவோ தன் வீட்டுப் பின்புறத்தில் கிடந்த கிழங்கையெல்லாம் தோண்டி, இடித்து, வேப்பிலையோடு தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார். வெளியிலிருந்து வரும் எந்தச் சாமானும் அதில் முங்கி எழாமல் லயத்துக்குள் வராது. கோவா மஞ்சளாகவே சட்டிக்கு வரும். ஒருநாள் பேக்கரிப் பாணையும் முக்கிவிட்டார். கேட்டதற்கு, "வயித்துக்குள்ள போறதுதானே, அத மட்டும் சும்மா விடலாமா?" என்றார். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் இல்லை.

மகளின் மாத்திரை முடியப்போகிறது என்றதும் கிளினிக் அட்டையைப் படம் பிடித்து நானாவுக்கு அனுப்பினேன். மரக்கறி இறக்கிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, அவர் வாங்கிவிட்டார். அன்று பின்னேரம் லொறிச் சத்தம் கேட்டபோது நான் மகளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நுரையைக் கழுவித் துடைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் லொறி போய்விட்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"புள்ளைக்கு மருந்து வந்திருச்சு. ஆஸ்பத்திரியிலருந்து வர்றதாச்சே, நோய் பூரா அங்கதானே இருக்கு. அதனால நல்லா ஊற வச்சிருக்கேன்."

நம் ஆஸ்பத்திரியில் மாத்திரையைத் தகட்டோடு தருவதில்லை. எண்ணி, உதிரியாகக் கடதாசிப் பையில் போட்டுத்தான் தருவார்கள். அக்கா அந்தப் பையின் வாயைப் பிரித்துவிட்டு முக்கியிருந்தார், உள்ளேயும் மஞ்சள் படட்டும் என்று. நான் பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவினேன். கூழான கடதாசிதான் கையில் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுதான் நடந்தது. அக்காவை நான் என்னென்ன சொல்லி ஏசினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. லயமே வாசலுக்கு வந்து கேட்டது. அக்கா ஈரக்கையோடு அப்படியே நின்றார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

டப்பாவில் அன்றிரவுக்கு மட்டும்தான் மருந்து. மறுநாள் முழு ஊரடங்கு. கிளினிக் இனி அடுத்த வாரம், டவுனில் பாமசி எல்லாம் பூட்டு. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். நானாவிடம் அவர் பேசியது என் வாசல் வரை கேட்டது. "நானா, நான்தான் கெடுத்துட்டேன். எங்கயாச்சும் தேடுங்க." நானா, பல்லேபொலையில் திரீவீல் ஓட்டும் தன் கூட்டாளியிடம் சொன்னார். அந்தக் கூட்டாளியின் ஊரில் ஒரு சிங்களத் தாய் இருந்தார். அவருடைய மகனுக்கும் இதே வலிப்பு, இதே கிளினிக், இதே மாத்திரை.

காலை மாத்திரை தவறிப்போனது. மகளைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சிமிட்டினாலும் பயம். "ஏம்மா என்னய முறைக்கிறீங்க?" என்று கேட்டாள். பகல் சோற்று நேரத்துக்கு நானாவின் லொறி வந்தது. மரக்கறி இல்லை, சின்னப் பை ஒன்று மட்டும். அதற்குள் இருந்த மாத்திரை அடுத்த கிளினிக் வரைக்கும் போதுமானதாக இருந்தது. அந்தத் தாயிடம் நிறைய இருந்திருக்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

கயிற்றை அவிழ்த்துச் சில மாதங்கள் கழித்து, திரீவீல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் தாய் வரும் கிளினிக் நாளிலேயே நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒரு மிளகுப் பொட்டலம். நீள வாங்கு ஒன்றில் அவர் மகனோடு உட்கார்ந்திருந்தார். பையனின் புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு, இன்னும் சிவப்பாக இருந்தது. நான் யார் என்று சிங்களத்தில் சொன்னேன். முகம் மலர்ந்து, "வாங்க நங்கி" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. தழும்பைப் பார்த்து, "தம்பிக்கு என்ன?" என்று கேட்டேன்.

"கிணத்தடியில விழுந்துட்டான். அந்தக் கொரோனா நேரம், மருந்து குறைவா இருந்துச்சு. பாதிப் பாதியா உடைச்சுக் குடுத்தேன், அவனுக்கு அது பத்தல" என்றார். குத்திக்காட்டிச் சொன்னவராகத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மிளகுப் பொட்டலத்தை நீட்டக் கை வரவில்லை. அவர் என் மகளைக் கிட்டே இழுத்து நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு அன்னைக்கு வரலதானே?"

"வரல, அக்கே."

"அப்ப சரி" என்றார். நான் உட்கார வாங்கில் நகர்ந்து இடம் விட்டார். என்னால் உட்கார முடியவில்லை.